வெளிநாட்டு மாணவரின் வாழ்க்கைத்துணை: சிங்கப்பூரில் தங்கும் உரிமை

சிங்கப்பூரில் முழுநேரக் கல்வி பயில வரும் வெளிநாட்டவருக்கு, படிப்பு முடியும்வரை தங்குவதற்கு வழங்கப்படும் அனுமதி மாணவர் அட்டை. பேச்சு வழக்கில் அது ஸ்டூடன்ட் பாஸ். 2023 பிப்ரவரி முதல் அச்சிட்ட அட்டை நின்றுபோய் மின்வடிவமாகிவிட்ட பிறகும் பெயர் மாறவில்லை. இதை வழங்குவது குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையம். ஐசிஏ என்றால்தான் பலருக்கும் புரியும். அதன் தலைமையகம் லாவண்டர் எம்ஆர்டி நிலையத்தை ஒட்டிக் காலாங் சாலையில் இருக்கிறது. லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்தே போய்விடலாம்.

இந்த அட்டை ஒருவரை மட்டுமே உள்ளே விடுகிறது. மாணவர் தம் கணவரையோ மனைவியையோ அழைத்து உடன் வைத்துக்கொள்வதற்கென்று தனி அனுமதி வகை எதுவும் இல்லை. ஊரில் முறைப்படி நடந்த திருமணமும், பல்கலைக்கழகம் தரும் ஆராய்ச்சி உதவித்தொகையும் இதை மாற்றுவதில்லை.

சட்டமும் இரண்டு அலுவலகங்களும்

அடிப்படைச் சட்டம் 1959ஆம் ஆண்டின் குடிநுழைவுச் சட்டம். வேலைக்கு வருவோரைப் பொறுத்தவரை 1990ஆம் ஆண்டின் வெளிநாட்டு ஊழியர் வேலை நியமனச் சட்டமும் சேர்ந்துகொள்கிறது. நடைமுறையில் பொறுப்பு இரண்டாகப் பிரிந்துள்ளது. மாணவர் அட்டையும் நீண்டகால வருகை அனுமதியின் பெரும்பாலான வகைகளும் ஐசிஏ வசம் உள்ளன. குடும்பத்தை அழைத்துக்கொள்ள உதவும் சார்ந்திருப்போர் அட்டையோ மனிதவள அமைச்சின் வழியாக வருகிறது. இந்தப் பிரிவினையே கொள்கையைச் சொல்லிவிடுகிறது: குடும்பத்தை உடன் வைத்துக்கொள்வது வேலையோடும் சம்பளத்தோடும் ஒட்டிய சலுகை, படிப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை.

வேலை பார்ப்பவர் எல்லோருக்கும் அந்தச் சலுகை உண்டு என்பதும் இல்லை. கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர் குடும்பத்தைக் கொண்டுவர முடியாது. அவர் சிங்கப்பூரரையோ நிரந்தரவாசியையோ மணக்க வேண்டுமானால் மனிதவள அமைச்சின் முன் அனுமதி தேவை. ஞாயிற்றுக்கிழமை தேக்கா திடலில் உட்கார்ந்து ஊரிலிருக்கும் மனைவியோடு காணொளியில் பேசும் தொழிலாளியும், கெண்ட் ரிட்ஜ் பல்கலைக்கழக வளாகத்து ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்டத்துக்கு உழைக்கும் மாணவரும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் சாலைக்கு இது புதிய கதையும் அல்ல. 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது சிங்கப்பூர் இந்தியரில் பெண் ஒருவருக்கு ஆண்கள் சுமார் ஐவர் இருந்தனர்.

தாய்க்கு உண்டு, மனைவிக்கு இல்லை

நீண்டகால வருகை அனுமதிக்கு யார் விண்ணப்பிக்கலாம் என்று ஐசிஏ வகைப்படுத்தியிருக்கிறது. குடிமக்கள், நிரந்தரவாசிகள் ஆகியோரின் துணை, 21 வயதுக்குட்பட்ட மணமாகாத பிள்ளைகள், பெற்றோர் ஆகியோர் முதலில் வருகிறார்கள். உயர்கல்வி நிலையத்தில் பட்டம் பெற்று வேலை தேடுவோரும், சிங்கப்பூரில் பிள்ளை பெற அனுமதி கேட்கும் பெண்களும் உண்டு. இவற்றோடு இன்னொரு வகை: மாணவர் அட்டையில் படிக்கும் பிள்ளையின் தாய் அல்லது பாட்டி. தந்தைக்கும் தாத்தாவுக்கும் அது கிடையாது. இப்படி வந்த சீனத் தாய்மாரை ‘பெய்து மாமா’ என்று உள்ளூரில் அழைத்தார்கள். பிள்ளைக்குத் துணையாக இருக்கும் அம்மா என்று பொருள். முதல் ஆண்டில் அவர்கள் வேலை பார்க்க இயலாது.

மாணவரின் கணவரும் மனைவியும் இந்த வகைகள் எதிலும் இல்லை. பள்ளிப் பிள்ளைக்குப் பெரியவர் துணை தேவை என்பதை அரசு ஒப்புக்கொள்கிறது. வளர்ந்த மாணவருக்குக் குடும்பம் இருக்கக்கூடும் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. பள்ளிக் கல்வியை மனத்தில் வைத்து எழுதிய விதி, முப்பது வயதில் முனைவர் பட்டம் படிக்க வருபவருக்குப் பொருந்தாமல் நிற்கிறது என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து.

வருகையாளராக வந்துபோதல்

ஆகவே பெரும்பாலான துணைவியர் சுற்றுலாப் பயணிபோல வந்து போகிறார்கள். இந்தியக் குடிமக்களுக்கு முன்கூட்டியே விசா வேண்டும். நுழையும்போது கிடைக்கும் குறுகியகால வருகை அனுமதி வழக்கமாக 30 நாள். இணையத்தில் நீட்டிப்பு கேட்கலாம். கிடைத்தால் வந்த நாளிலிருந்து 89 நாள்வரை இருக்கலாம், ஆனால் அது உரிமையல்ல. ஜொகூருக்கோ பாத்தாமுக்கோ ஒரு நாள் போய்விட்டுத் திரும்பி வந்தால் புதிதாக 30 நாள் கிடைத்துவிடும் என்று சொல்வோர் உண்டு. அடிக்கடி இப்படி நுழைபவரைத் திருப்பியனுப்ப அதிகாரிக்கு முழு அதிகாரம் இருப்பதை அவர்கள் சொல்வதில்லை.

வாடகை வீடும் சிக்கலாகும். வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டில் வாடகைதாரராகப் பதிவுபெற, விண்ணப்பிக்கும் நாளில் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும் நீண்டகால அனுமதி தேவை. மாணவருக்கு அது இருக்கும். விருந்தாளியாக வந்த மனைவிக்கு இருக்காது. ஃபேரர் பார்க் பக்கம் ஓர் அறையை எடுத்து இருவரும் குடியிருப்பது எளிது என்று நினைத்து வருபவர் இங்கேதான் முட்டிக்கொள்கிறார். வருகை அனுமதியில் சம்பளத்துக்கு வேலை பார்ப்பதும் குற்றம்.

அனுமதி முடிந்தும் தங்கினால் தண்டனை கடுமையானது. 90 நாள்வரை எனில் 4,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், ஆறு மாதம்வரை சிறை அல்லது இரண்டும். அதைத் தாண்டினால் சிறையோடு ஆண்களுக்குக் குறைந்தது மூன்று பிரம்படி. பெண்களுக்குப் பிரம்படி இல்லை.

இங்கே குழந்தை பிறந்தாலும் நிலை மாறாது. பெற்றோரில் ஒருவராவது சிங்கப்பூரராக இல்லாவிட்டால் குழந்தைக்குக் குடியுரிமை இல்லை. பிறந்து 42 நாளுக்குள் அதற்கும் தங்கும் அனுமதி பெற்றாக வேண்டும், அல்லது ஊருக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

பட்டத்துக்குப் பின்

மாணவர் வேலைக்கு மாறும்போதுதான் கதவு திறக்கிறது. கல்வி மானியம் பெற்றுப் படித்த வெளிநாட்டுப் பட்டதாரிகள் வழக்கமாக மூன்றாண்டு சிங்கப்பூரில் வேலை பார்க்க ஒப்பந்தப்பட்டவர்கள். ஆகவே இந்தக் கட்டம் பலருக்கும் வருகிறது. ஆனால் அங்கும் ஒரு படி உயரமாக இருக்கிறது. திறனாளர்களுக்கான வேலை அட்டையான எம்ப்ளாய்மென்ட் பாஸ் பெறக் குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஜனவரி முதல் நிதித்துறை தவிர்த்த துறைகளில் 5,600 வெள்ளி; வயதுக்கேற்ப உயரும். துணைக்குச் சார்ந்திருப்போர் அட்டை கேட்கவோ நிலையான மாதச் சம்பளம் 6,000 வெள்ளி இருக்க வேண்டும். 2015 செப்டம்பரில் 5,000 ஆக்கப்பட்ட இந்த வரம்பு, 2018 ஜனவரியில் இப்போதைய அளவுக்கு ஏறியது. முதல் வேலையில் 5,800 வெள்ளி வாங்கும் இளைஞர் சிங்கப்பூரில் இருக்கலாம். மனைவி இருக்க முடியாது. பெற்றோரை அழைக்க 12,000 வெள்ளி சம்பளம் வேண்டும்.

சார்ந்திருப்போர் அட்டை முதன்மை அட்டைதாரரின் வேலையோடு கட்டுண்டது. அவர் வேலை போனால் இதுவும் போகும். முன்பு இந்த அட்டையினர் இசைவுக் கடிதம் ஒன்றைப் பெற்று எளிதாக வேலையில் சேர்ந்தனர். 2021 மே 1 முதல், சொந்தத் தொழில் நடத்துவோர் தவிர மற்றவர்கள் தனியாக வேலை அனுமதி பெற வேண்டும்.

சிலர் இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்கிக் கொள்கிறார்கள். மனைவி எம்ப்ளாய்மென்ட் பாஸில் வேலை பார்க்க, கணவர் சார்ந்திருப்போர் அட்டையில் வந்து படிக்கிறார். அவருக்குத் தனியாக மாணவர் அட்டை தேவைப்படுவதில்லை. இருவருமே தனித்தனி மாணவர் அட்டையில் வருவதும் உண்டு.

மாணவர் உள்ளூர்க்காரரை மணந்தால் அது வேறு பாதை. குடிமக்களின் துணைக்காக 2012 ஏப்ரலில் ‘நீண்டகால வருகை அனுமதி பிளஸ்’ வந்தது. நீண்டகால வருகை அனுமதி கிடைக்கும் வாய்ப்பைத் திருமணத்துக்கு முன்பே மதிப்பிட்டுச் சொல்லும் ஏற்பாடு 2015இல் தொடங்கியது.

பிற நாடுகளில்

ஹாங்காங்கில் முழுநேரப் பட்டப்படிப்பு மாணவரின் துணைக்குச் சார்ந்தோர் விசா உண்டு, வேலை பார்க்கத்தான் அனுமதியில்லை. அமெரிக்காவின் எஃப்-2 விசாவும் அப்படியே. பிரிட்டன் 2024 ஜனவரி முதல் ஆராய்ச்சிப் படிப்பினருக்கும் அரசு உதவித்தொகை பெறுவோருக்கும் மட்டும் என்று சுருக்கிக்கொண்டது. சிங்கப்பூரின் நிலை இவை எல்லாவற்றையும்விட இறுக்கமானது.

விண்ணப்பிப்போர் கவனத்துக்கு

கோயிலில் தாலி கட்டிய படமும் மண்டப ரசீதும் ஆவணமாகா. திருமணப் பதிவுச் சான்றிதழ் வேண்டும். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டம் எல்லாத் திருமணங்களையும் பதிவுசெய்யக் கட்டாயப்படுத்துகிறது. சார்பதிவாளர் அலுவலகத்தில் காலத்தோடு பதிந்துவிடுவது நல்லது. சான்றிதழ் ஆங்கிலத்தில் இல்லையென்றால் மொழிபெயர்ப்பையும் இணைக்க வேண்டும். சார்ந்திருப்போர் அட்டைக்கு வேலையில் சேர்ந்தவரோ துணைவியோ தாமே விண்ணப்பிக்க இயலாது. முதலாளியோ அவர் அமர்த்திய முகவரோதான் செய்ய வேண்டும். ஆகவே படிப்பு முடிந்து வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே, நிலையான சம்பளம் 6,000 வெள்ளியைத் தொடுகிறதா, துணைக்கு விண்ணப்பிக்க நிறுவனம் சம்மதிக்கிறதா என்ற இரண்டையும் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.