சட்டம் போச்சு, பாரம் போகல்ல

எலுவன்குளம் என்ற பேரிலேயே குளம் இருக்கு. ஐந்தாம் நூற்றாண்டில் தாதுசேன மன்னன் கட்டிய கலாவெவயிலிருந்து வரும் கலா ஓயாவும் எங்கள் பக்கத்தால்தான் கடலுக்குப் போகிறது. குளக்கட்டு அடியில் அகலமாகவும் மேலே ஒடுக்கமாகவும் இருப்பதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். ஆழம் கூடக் கூடத் தண்ணீர் தள்ளுவதும் கூடும், அதுதான் காரணம். ஆனால் அதே தண்ணீரைக் கண்ணாடித் தொட்டியில் ஊற்றி வீட்டு மேசையில் வைக்கும்போது அந்தக் கணக்கு மறந்து போகுது.

மீன்தொட்டியின் வரலாறும் இந்தக் கணக்கின் வரலாறுதான். 1853இல் லண்டன் ரீஜண்ட் பார்க் மிருகக்காட்சிச்சாலையில் முதல் பொது மீன்காட்சிச்சாலை திறந்தது. அடுத்த வருசம் பிலிப் ஹென்றி கோஸ் எழுதிய புத்தகம் 'அக்வாரியம்' என்ற சொல்லை வீடு வீடாகக் கொண்டுபோனது. 1909இல் சென்னை மெரினாவிலும் ஒரு மீன்காட்சிச்சாலை வந்தது. அந்தக் காலத்து வீட்டுத் தொட்டிகளுக்குப் பெரும்பாலும் இரும்புச் சட்டம் இருந்தது. கண்ணாடியை மக்கு வைத்து அதில் பொருத்தினார்கள், யன்னலுக்கு வைக்கிற அதே மக்கு. அது காய்ந்தால் ஒழுகும், உப்புத்தண்ணீர் பட்டால் சட்டம் துருப்பிடிக்கும். ஆனாலும் அந்தச் சட்டம் சத்தமில்லாமல் ஒரு வேலை செய்தது: மேல்விளிம்பைச் சுற்றிவரப் பிடித்துக்கொண்டது.

1960களில் சிலிக்கன் பசை வந்தது. கண்ணாடியோடு கண்ணாடியை நேராகவே ஒட்டலாம் என்றானதும் சட்டம் மறைந்தது. பார்க்க வடிவுதான். பாரம்?

நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டியை எடுப்போம். நிரப்பினால் தண்ணீர் மட்டும் கிட்டத்தட்ட 240 கிலோ. முன்கண்ணாடியை அது ஏறக்குறைய 120 கிலோ பாரத்தால் வெளியே தள்ளும். உயரத்தை இரண்டு மடங்காக்கினால் தள்ளுவது நாலு மடங்கு, 480 கிலோ. பின்பக்க அகலத்தைக் கூட்டினால் முன்கண்ணாடிக்கு ஒன்றும் கூடாது. ஆகவே பயப்பட வேண்டியது உயரத்துக்கும் நீளத்துக்கும்தான்.

நீளமான கண்ணாடி மேல்விளிம்பின் நடுவில் வெளியே வளையும். வளைய வளைய மூலையிலுள்ள சிலிக்கன் இழுபடும். அதைத் தடுக்கத்தான் மேலே குறுக்காக ஒட்டும் கண்ணாடித் துண்டும், விளிம்போரம் ஒட்டும் பட்டையும். பழைய இரும்புச் சட்டத்தின் வேலையை இப்போது செய்வது அவைதான். லைட் வைக்க இடைஞ்சல் என்று அதைக் கழற்றுவது, வீட்டுக்கூரையின் வளையைக் கழற்றுவது மாதிரி.

2022 டிசம்பர் 16 விடியற்காலையில் பேர்லின் ஹோட்டல் ஒன்றில் பத்து இலட்சம் லீட்டர் கொண்ட பெரும் தொட்டி வெடித்தது. அது கண்ணாடிகூட இல்லை, தடித்த அக்ரிலிக். ஏறக்குறைய 1500 மீன்களில் மிகப்பெரும்பாலானவை செத்தன, இரண்டு பேர் காயப்பட்டார்கள். மக்கள் நடமாடும் நேரமாக இருந்திருந்தால்?

வீட்டுத்தொட்டிக்கு முன்னால் எப்போதும் குந்தியிருப்பது சின்னப்பிள்ளைகள்தான். தொட்டி வாங்கும்போது மீனின் விலையைக் கேட்பதற்கு முன் குறுக்குக் கண்ணாடி இருக்கா என்று பாருங்க. மேசை மட்டமாக இருக்கட்டும், சட்டமில்லாத தொட்டிக்கு அடியில் ரெஜிபோம் ஒன்று போடுங்க. நிரப்பிய பிறகு மேல்விளிம்பில் ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்க. நடுவில் கண்ணாடி நூலை விட்டு நன்றாக விலகி நின்றால், அன்றைக்கே தண்ணீரை இறக்குங்க.