திட முன்னச்சு மாற்றம்

நாற்சக்கர இயக்க வண்டியின் முன்சக்கரங்களைத் தனித்தனியே ஏறி இறங்கவிடும் சஸ்பென்ஷனை அகற்றி, இரண்டையும் ஒரே உறுதியான குழலால் இணைக்கும் அச்சைப் பொருத்துவதே திட முன்னச்சு மாற்றம் ஆகும். டொயோட்டா ஹைலக்ஸின் நாற்சக்கர இயக்க வகை முதலில் பட்டைவில் தாங்கிய இத்தகைய அச்சுடனேயே வந்தது. அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டு மாடலில் அவ்வச்சு கைவிடப்பட்டது.

ஒரு சக்கரம் மேடேறும்போது திட அச்சு சாய்ந்து மறுசக்கரத்தைத் தரையை நோக்கி அழுத்துவதால், மலேசியாவின் கோல சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா வட்டாரச் செம்பனைத் தோட்டங்களின் குழி விழுந்த மண்பாதைகளில் பிடிமானம் எளிதில் அறுபடாது. எனினும் அங்குள்ள கரிமண்ணில், அதாவது முழுதும் மட்காத தாவர எச்சம் சேர்ந்த சதுப்பு மண்ணில், வண்டி புதைந்தால் தாழத் தொங்கும் டிஃபரென்ஷியல் பெட்டி சேற்றை உழுது இழுவையைக் கூட்டும். அத்தகைய நிலத்துக்கு அகன்ற டயரும் குறைந்த காற்றழுத்தமுமே முதன்மையான தேவை.

இம்மாற்றத்தில் அச்சைப் பொருத்தும் பற்றவைப்பைவிட நுட்பமானது ஸ்டீயரிங்கின் அமைப்பு. திருப்பச்சின் பின்சாய்வான காஸ்டர் கோணம் பிழைத்தால், வேகத்தில் முன்சக்கரங்கள் கட்டுக்கடங்காமல் அதிரும். பொதுச்சாலையில் ஓடும் வண்டிக்கு மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறையின் ஒப்புதலும் வேண்டும்.