காம்பை மறைத்த பெட்டி

இங்கிலாந்தின் மலர்க்காட்சியில் தோற்பதற்கு ரோஜா மோசமாக இருக்க வேண்டியதில்லை. ஆறு பூ கேட்ட பிரிவில் ஏழு வைத்தால் போதும். நடுவர் அந்தப் பூக்களின் பக்கம் திரும்பாமலே அட்டையில் 'என்.ஏ.எஸ்.' என்று மூன்றெழுத்தை எழுதிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடுவார். போட்டி அறிக்கையில் கேட்டபடி இல்லை, ஆகவே மதிப்பிட மாட்டேன் என்று அர்த்தம். மொட்டு முன்னதாக விரிந்துவிடாமல் இருக்க நடுவில் சுற்றிக் கட்டிய கம்பளி நூலை அவிழ்க்க மறந்தவருக்கும் பரிசு கிடையாது. ஓர் ஆண்டு முழுக்கக் கவாத்து செய்து, எருவிட்டு, பூச்சி பார்த்து வளர்த்த செடியின் பூ, ஒரு துண்டு நூலுக்காகத் தோற்றுப்போகும்.

இத்தனை கண்டிப்பு எதற்கு என்று கேட்கத் தோன்றும். இந்த விதிகளின் வரலாற்றைப் பார்த்தால் அவை பூக்களை மனத்தில் வைத்து எழுதியவையாகத் தெரியவில்லை. மனிதர்களை மனத்தில் வைத்து எழுதியவை. யார் யாரோடு மோதலாம், பத்து ஏக்கர் நர்சரிக்காரருக்கும் பத்தடித் தோட்டக்காரருக்கும் நடுவே கோடு எங்கே போடுவது என்ற வழக்குகள்தான் விதிகளாகவும் பிரிவுகளாகவும் மாறியிருக்கின்றன.

ரோஜாவுக்கு முன்பே இந்த வழக்கம் மற்றப் பூக்களுக்கு இருந்தது. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் லங்காஷயர் கைத்தறி நெசவாளர்கள் ஆரிக்குலா என்ற சின்னப் பூவையும், ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நெசவாளர்கள் பிங்க் என்ற பூவையும் போட்டிக்கென்றே வளர்த்தார்கள். மதுக்கடையின் ஒரு மேசைதான் காட்சிக் கூடம். செப்புக் கெட்டில் ஒன்று பரிசு. இதழின் விளிம்பு எப்படி இருக்க வேண்டும், நடு வட்டம் எவ்வளவு அகலம் இருக்கலாம் என்றெல்லாம் இந்தத் தொழிலாளர்கள் அன்றே தீர்மானித்து வைத்திருந்தார்கள். ரோஜாவுக்கோ தனக்கென்று ஒரு காட்சி இல்லை. பொதுவான மலர்க்காட்சிகளில் மற்றச் செடிகளோடு ஒரு மூலையில் வைக்கப்பட்டது.

அதைப் பொறுக்க முடியாமல் போனவர் சாமுவேல் ரெனால்ட்ஸ் ஹோல். நாட்டிங்ஹாம்ஷயரில் கான்டன் என்ற சிற்றூரின் பாதிரியார். ரோஜாவுக்கென்று நாடு தழுவிய காட்சி ஒன்று வேண்டும் என்று 1857இல் 'தி ஃப்ளோரிஸ்ட்' பத்திரிகையில் எழுதினார். அன்றைய பெரிய நர்சரிக்காரர்களான தாமஸ் ரிவர்ஸ், சார்லஸ் டர்னர், வில்லியம் பால் மூவரும் அவரோடு சேர்ந்தார்கள். 1858 ஜூலை 1 அன்று லண்டன் செயின்ட் ஜேம்ஸ் ஹாலில் அந்தக் காட்சி நடந்தது. பரிசுக்கு வெள்ளிக் கோப்பைகள், வாசிக்கக் கோல்ட்ஸ்ட்ரீம் காவற்படையின் பேண்டு வாத்தியம், உள்ளே நுழைய ஒரு ஷில்லிங் கட்டணம். கூட்டம் வந்தது. 1860இல் காட்சி கிரிஸ்டல் பேலஸ் என்ற பெரிய கண்ணாடி மாளிகைக்கே போய்விட்டது.

அங்கே பூக்களை வைத்த முறையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பின்னால் வந்த சிக்கலெல்லாம் அதிலிருந்துதான் கிளம்பியது. இன்று போல ஜாடியில் நீளக் காம்போடு வைப்பதில்லை. பச்சை வண்ணம் பூசிய தட்டையான மரப்பெட்டி. பதினெட்டு அங்குல அகலம். முன்பக்கம் நான்கு அங்குலமும் பின்பக்கம் ஆறு அங்குலமும் உயரம் இருந்ததால் மூடி பார்ப்பவரை நோக்கிச் சரிந்திருக்கும். மூடியில் துளைகள், துளைகளில் தண்ணீர்க் குழாய்கள், அவற்றில் பூக்கள். மூடி முழுவதும் பசும்பாசியைப் பரப்பி மறைத்துவிடுவார்கள். கண்ணுக்குத் தெரிவது பாசி மெத்தையில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பூமுகங்கள் மட்டும்தான். வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு, கருஞ்சிவப்பு என்று நிறங்களை மாற்றி மாற்றி அடுக்குவதே தனிக் கலை. காட்சிக்கு முந்தைய நாள்களில் மழையும் வெயிலும் படாமல் செடியிலேயே ஒவ்வொரு பூவுக்கும் கூம்புக் குடை பிடித்து, பக்கமொட்டுகளைக் கிள்ளி, விடியலில் வெட்டிப் பெட்டியில் ஏற்றி ரயிலில் கொண்டுவருவார்கள். ரயில் இல்லாவிட்டால் நாடு தழுவிய ரோஜாக் காட்சி என்பதே நடந்திருக்காது.

லண்டன் காட்சியைவிட ஹோல் மனத்தில் ஆழமாகப் பதிந்த காட்சி வேறொன்று. 1869இல் அவர் எழுதிய 'ரோஜாக்களைப் பற்றி ஒரு புத்தகம்' அந்தக் கதையோடுதான் தொடங்குகிறது. நாட்டிங்ஹாம் தொழிலாளி ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது: ஈஸ்டர் திங்களன்று நாங்கள் ரோஜாக் காட்சி நடத்துகிறோம், நடுவராக வர வேண்டும். ஏப்ரல் குளிரில் ரோஜாவா? ஏப்ரல் முட்டாள் விளையாட்டு என்றே ஹோல் நினைத்தார். விசாரித்தால், கண்ணாடிக் கூரையின் கீழ் வளர்த்த ரோஜாக்கள் என்று பதில். ஜெனரல் கேத்கார்ட் என்ற மதுவிடுதியின் மாடியறைக்குப் போனவர் திகைத்துப்போனார். வெள்ளிக் கோப்பைக்காரர்கள் பொறாமைப்படும்படியான பூக்கள், கையில் கிடைத்த பாட்டில்களில் நின்றன.

அந்த மனிதர்கள் லேஸ் பின்னலும் காலுறைப் பின்னலும் நடந்த ஆலை நகரத்தின் உழைப்பாளிகள். நகரை ஒட்டிய ஹங்கர்ஹில் சரிவில் வாடகைக்கு எடுத்த துண்டு நிலங்களில், கையாலே கட்டிய சின்னக் கண்ணாடிக் கொட்டகைகளில் செடி வளர்த்தார்கள். அவற்றைச் சூடாக்கக் கொதிகலன் வைக்கும் வசதி அவர்களுக்கு ஏது? கடும் உறைபனி இரவில் ஒருவர் தன் படுக்கைக் கம்பளியை எடுத்துப்போய்க் கண்ணாடிமேல் போர்த்தியிருக்கிறார். வீட்டில் போர்வை குறைந்த கதை ஹோல் காதுக்கும் வந்தது. ரோஜாவைப் பற்றி எழுதப்பட்ட எத்தனையோ பக்கங்களில் இதற்கு ஈடான ஒரு செய்தி கிடையாது என்றே சொல்ல வேண்டும். அந்தச் சரிவில் சுமார் 75 ஏக்கர் தோட்டங்கள் இன்றும் இருக்கின்றன. இங்கிலாந்தின் வரலாற்றுச் சிறப்புள்ள தோட்டங்களின் பட்டியலில் அவற்றுக்கு உயர் தகுதி உண்டு.

கம்பளியைப் போர்த்திய மனிதரையும், ஆயிரக்கணக்கில் செடி வைத்துக் கூலிக்கு ஆள் போட்டிருக்கும் நர்சரிக்காரரையும் ஒரே மேசையில் நிறுத்தினால் அது போட்டியே அல்ல. 1876 டிசம்பர் 7 அன்று லண்டனில் தேசிய ரோஜாச் சங்கம் உருவானபோது முதல் வேலையாக இந்தப் பிளவைத் தீர்க்க வேண்டியிருந்தது. ஹோல் தலைவர், கென்ட்டிலிருந்து வந்த பாதிரியார் ஹனிவுட் டாம்பிரெய்ன் செயலர். பாதிரிமார்கள் இந்தக் கதையில் அடிக்கடி வருவது தற்செயலல்ல. பங்குத்தந்தைக்குத் தோட்டத்தோடு வீடு இருந்தது, வார நாள்களில் நேரமும் இருந்தது.

சங்கத்தின் காட்சிகளில் பிரிவுகள் படிப்படியாகப் பெருகின. முதல் கோடு வணிகருக்கும் வீட்டுத் தோட்டக்காரருக்கும் நடுவே. நர்சரிக்காரர் பிரிவில் ஒன்றுக்கொன்று வேறான 72 ரகங்கள் கேட்பார்கள். ரகத்துக்கு மூன்று பூ வைக்கும் பிரிவும் இருந்தது. வீட்டுத் தோட்டக்காரர்களுக்கு 24, 12, 6 என்று இறங்கிவரும். அவர்களுக்குள்ளும் செடிகளின் எண்ணிக்கையை வைத்து இன்னொரு கோடு: ஆயிரத்துக்குக் குறைவாக வைத்திருப்பவர், ஐந்நூறுக்குக் குறைவாக வைத்திருப்பவர் என்று. மென்மையான டீ, நாய்செட் வகை ரோஜாக்கள் திடமான ஹைபிரிட் பெர்பெச்சுவல் வகையோடு மோத வேண்டாம் என்று தனி மேசைக்குப் போயின. பரம்பரைச் செல்வமும் தோட்டக் கூலியாள்களும் பூவின் தரத்தைத் தீர்மானித்துவிடக் கூடாது என்ற கவலை இந்தப் பட்டியலில் நேரடியாகவே தெரிகிறது. அந்தக் காலத்து இங்கிலாந்தில் வேறு எத்தனை இடங்களில் அப்படி ஒரு கவலை இருந்தது?

அடுத்த தகராறு பெயரைப் பற்றி. பிரெஞ்சு வளர்ப்பாளர்கள் ஆண்டுதோறும் புதுப்புது ரகங்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பல ரகங்களுக்குள் வித்தியாசம் கண்டுபிடிப்பதே கடினம். ஒரே முகமுள்ள இரண்டு பூவுக்கு இரண்டு பெயர் எழுதி வைத்து, பன்னிரண்டு ரகம் என்று கணக்குக் காட்டிவிடலாம். இதற்காகச் சங்கம் ரகங்களின் அதிகாரபூர்வமான பட்டியலை வெளியிட்டது. மிகவும் ஒத்திருப்பவை என்று அதில் சேர்த்துக் காட்டிய ரகங்களை ஒரே பெட்டியில் வைக்கக் கூடாது. நல்ல பூவுக்கும் இலக்கணம் எழுதினார்கள்: வடிவம், அளவு, நிறத்தின் பிரகாசம், இதழின் கனம், இலை, எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த ரகம் எட்டக்கூடிய அழகின் உச்ச நிலையில் பூ இருக்க வேண்டும். நடு கலைந்தது, பிளந்தது, விரிந்து முடிந்தது எல்லாம் கழிவு.

அந்தக் கடைசி அளவுகோல் அருமையானது. ஒரு பூவை இன்னொரு பூவோடு ஒப்பிடுவதற்கு முன், அது தன்னால் ஆகக்கூடியதை ஆகியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறது. நடுவருக்கு ஒவ்வொரு ரகத்தையும் தெரிந்திருந்தாலொழிய இது நடக்காது. முழுதாக மலர்ந்தால்தான் அழகு என்ற ரகமும் உண்டு, பாதி திறந்த நிலையில் நடுக்கூம்பு உயர்ந்து நிற்கும்போதுதான் அழகு என்ற ரகமும் உண்டு.

ஆனால் பெட்டி செய்த கேடு ஒன்று இருந்தது. பூமுகத்தை மட்டும் காட்டும் ஏற்பாட்டில் காம்பு எப்படி இருந்தால் என்ன? தலையைத் தாங்க முடியாமல் தொங்கும் கழுத்துள்ள பூவையும் குழாயில் கம்பி கொடுத்து நிமிர்த்திவிடலாம். செடி நோஞ்சானாக இருந்தாலும், ஆண்டுக்கு நாலே பூ பூத்தாலும், அந்த நாலில் ஒன்று பெரிதாக, ஒழுங்காக வந்தால் பதக்கம் நிச்சயம். பதக்கம் வாங்கிய ரகத்தைத்தான் நர்சரிக்காரர் அட்டவணையில் மேலே போடுவார். அதைத்தான் மக்கள் வாங்குவார்கள். வாங்கி நட்டவர்கள் பூ ஏன் தரையைப் பார்க்கிறது என்று குழம்பினார்கள். சங்கத்தின் பட்டியலே ரோஜாக்களைக் 'காட்சி ரோஜா', 'தோட்ட ரோஜா' என்று இரண்டாகப் பிரித்தது. தோட்டத்துக்கு ஆகாத ரோஜா, காட்சிக்கு ஆகாத ரோஜா என்று இரண்டு இனங்கள் உருவானதை அதுவே ஒப்புக்கொண்டதாக ஆயிற்று.

இதை எதிர்த்தவர் வெளியாள் அல்லர், இந்தப் போட்டிகளிலேயே கோப்பைகளை வென்றவர். எஸ்ஸெக்ஸின் ஹேவரிங் ஊரைச் சேர்ந்த பாதிரியார் ஜோசப் பெம்பர்டன், தன் வீட்டுத் தோட்டத்தில் இருந்த பழைய ரகங்களை வெட்டி எடுத்துவந்து 'பாட்டியின் ரோஜாக்கள்' என்று எழுதிச் சங்கத்தின் காட்சியிலேயே வைத்தார். பெட்டி ரோஜாக்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, கொத்தாக, மணத்தோடு, இலையோடு நிற்கும் அந்தப் பூக்கள் புதுமையாக இருந்தன. தோட்ட ரோஜாக்களுக்கென்று பிரிவுகள் வளர்ந்தன. பெம்பர்டன் 1911இல் சங்கத்தின் தலைவரானார். பெட்டிக்குள் ஒருபோதும் வைக்க முடியாத ஒரு வகையையும் அவர் உருவாக்கினார்: கொத்துக் கொத்தாகப் பூத்துக் குலுங்கும் ஹைபிரிட் மஸ்க் புதர்கள். 'மூன்லைட்' 1913இலும் 'பெனலோப்' 1924இலும் வந்தன. இரண்டும் இன்றும் விற்பனையில் இருக்கின்றன. அன்று கோப்பை வாங்கிய காட்சி ரோஜாக்களில் பெரும்பாலானவற்றைத் தேடினாலும் கிடைப்பதில்லை.

அதற்குள் செடியும் மாறிக்கொண்டிருந்தது. பிரான்ஸின் கியோ 1867இல் வெளியிட்ட 'லா பிரான்ஸ்' ரோஜாவிலிருந்து ஹைபிரிட் டீ என்ற வகை கிளைத்தது. டீ ரோஜாவின் உயர்ந்த நடுக்கூம்போடு பெர்பெச்சுவலின் பலமும் அதில் சேர்ந்தது. முதலில் அதைத் தனி வகையாகவே ஏற்கத் தயங்கிய காட்சிகள், 20ஆம் நூற்றாண்டில் அதற்கே பெரும்பாலான மேசைகளை ஒதுக்கின. பெட்டி மெல்ல மெல்ல ஒதுங்கி ஜாடி வந்தது. காம்பும் இலையும் நடுவர் முன் வந்து நின்றன.

கடலுக்கு அப்பால் அமெரிக்க ரோஜாச் சங்கம் இதையெல்லாம் கணக்காகவே எழுதிவைத்திருக்கிறது. நூறு மதிப்பெண்ணில் வடிவத்துக்கு 25, நிறத்துக்கு 20, காம்புக்கும் இலைக்கும் சேர்த்து 20, இதழின் உறுதிக்கு 15, பொருத்தத்துக்கும் அளவுக்கும் பத்துப் பத்து. பெட்டி மறைத்துவைத்த காம்புக்கு நிறத்துக்குச் சமமான இடம். பூ போட்டியாளர் தானே வெளித்தோட்டத்தில் வளர்த்ததாக இருக்க வேண்டும். ரகத்தின் பெயர் தவறாக இருந்தாலோ, எண்ணெய் தடவி இலையை மினுக்கியிருந்தாலோ வெளியே. முதல் பரிசுக்கு அங்கே நீல ரிப்பன், இங்கிலாந்திலோ சிவப்பு அட்டை. 1867க்கு முந்தைய ரகங்களுக்கும் அமெரிக்காவில் தனி மேசை உண்டு. அவற்றில் சிறந்த பூவுக்கு 'முதுராணி' என்று பட்டம். 'லா பிரான்ஸ்' வந்த ஆண்டுதான் பழையதற்கும் புதியதற்கும் எல்லைக்கல்.

ஹோல் தலைவராக இருந்த சங்கம் 1965இல் 'ராயல்' அடைமொழி பெற்று, 2017இல் பணமில்லாமல் மூடப்பட்டது. சிற்றூர்க் காட்சிகள் நிற்கவில்லை. கோடைச் சனிக்கிழமைகளில், ஊர் மன்றத்தின் மடக்கு மேசைகளில் வெள்ளைத் துணி விரித்து, ஒரு ஜாடி ஒரு பூ, மூன்று ஜாடி மூன்று ரகம், மணத்துக்கென்று ஒன்று, இதுவரை எந்தக் காட்சியிலும் பரிசு வாங்காதவருக்கென்று ஒன்று எனப் பிரிவுகளை எழுதுகிறார்கள். நடுவர் வருவதற்கு முன் கூடத்தைக் காலி செய்யச் சொல்வார்கள். புதியவர் பிரிவில் பூ வைத்தவர் கம்பளி நூலை எடுத்தாயிற்றா என்று இன்னொரு முறை பார்த்துவிட்டுத்தான் வெளியே போவார்.