மாணவர் மனநலமும் மலைப்பள்ளிகளும்

2025 ஜூலை 25 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, கல்விக்கூடங்களின் உளநலப் பணிக்கு ஓர் எண்ணை வரம்பாக வைத்தது. நூறு மாணவரோ அதற்கு மேற்பட்டோரோ பயிலும் நிறுவனம், தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலாளர், சமூகப் பணியாளர் ஆகியோருள் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும். அதனினும் சிறியவை, வெளியிலுள்ள மனநல வல்லுநரோடு முறையான தொடர்பு வைத்துக்கொள்ள வேண்டும். விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் பயின்றுவந்த பதினேழு வயது மாணவி 2023இல் இறந்த வழக்கில் பிறந்த நெறிமுறை இது. வரவேற்கத்தக்கதே. எனினும், நீலகிரியில் எமரால்டை அடுத்துள்ள இத்தலாரை நினைக்குங்கால் அந்த எண் நம்மைத் தயங்கச் செய்கிறது. அம்மலையின் ஹட்டிகளிலும் தேயிலைத் தோட்டங்களிலும் நூறு பிள்ளைகள் சேராத பள்ளிகள் பல.

பிள்ளையின் மனத்தைப் பேணுவது புதிய கவலையன்று. ஹிஜ்ரி 322இல் (கி.பி. 934) மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ பள்ளி ஆசிரியர் ஒருவரின் மகன். அவர் இயற்றிய ‘மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்’ உடலுக்கும் உள்ளத்துக்கும் தனித்தனியே மருத்துவம் பேசுகிறது. சினம், அச்சம், துயரம், விடாது அலைக்கழிக்கும் எண்ணம் என உளநோய்களை அவர் நான்காகப் பிரித்துக் காட்டினார். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) பாடம் முடிந்த பிள்ளைக்கு விளையாட்டு வேண்டும் என்றார். அதை மறுத்தால் உள்ளம் மரத்துப்போகும் என்பது அவர் கருத்து. இப்னு கல்தூனோ தம் முகத்திமாவில் ஒரு பகுதியையே இதற்கு ஒதுக்கினார். கடுமையால் வளர்க்கப்படும் மாணவன் ஊக்கம் இழப்பான். அடிக்கு அஞ்சிப் பொய்யும் பாசாங்கும் பழகுவான். பின்னர் அதுவே அவன் இயல்பாகும் என்று அவர் காரணகாரியத்தோடு விளக்கினார்.

மேலை நாட்டில் 1896இல் லைட்னர் விட்மர் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் உளவியல் மருத்துவகம் கண்டார். எழுத்துக்கூட்டி எழுத வராத சிறுவனை அவனுடைய ஆசிரியை அழைத்து வந்ததே அதன் தொடக்கம். சோதித்ததில் பார்வைக் குறையும் புலப்பட்டது. 1913இல் இலண்டன் நகராட்சி சிரில் பர்ட்டைப் பள்ளிகளுக்கான உளவியலாளராக அமர்த்தியது. விட்மரின் வாயிலுக்கு முதற்பிள்ளையைக் கொணர்ந்தவர் ஆசிரியர் என்பது ஈண்டு கருதத்தக்கது.

தமிழகத்தின் கதை வேறு. 2012 பிப்ரவரியில் சென்னையில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் தன் ஆசிரியையை வகுப்பறையிலேயே கொன்றான். அதன்பின் நடமாடும் உளவியல் ஆலோசனை மையங்கள் வந்தன. முப்பத்திரண்டு மாவட்டங்களுக்குப் பத்து ஊர்திகள்! 2022 அக்டோபரில் 14416 என்னும் டெலிமானஸ் தொலைபேசிச் சேவை நாடெங்கும் தொடங்கியது. சாவுக்குப் பின்னரே நாம் விழிப்பதும், விழித்ததும் எண்ணிக்கையில் அமைதி கொள்வதும் வழக்கமாகிவிட்டன.

மலையில் இந்த ஏற்பாடுகள் எங்ஙனம் பொருந்தும்? 1990களின் இறுதியில் பச்சைத் தேயிலையின் விலை வீழ்ந்தபோது சிறு விவசாயிகளின் இல்லங்கள் கலங்கின. பலர் வேலை தேடிக் கோவைக்கும் திருப்பூருக்கும் இறங்கினர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பியோரின் வழியினர் தோட்டங்களில் வாழ்கின்றனர். வடமாநிலத் தொழிலாளரின் பிள்ளைகளும் இன்று அவர்களோடு உளர். வீட்டில் படுகு பேசும் பிள்ளைக்கும், இந்தி பேசும் பிள்ளைக்கும், பள்ளித் தமிழில் தன் துயரைச் சொல்வது எளிதன்று. தொலைபேசிச் சேவை பல மொழிகளில் கிடைக்கிறது என்பது மெய். ஆயினும் ஒற்றை அறை வரிசைவீட்டில் பத்து வயதுச் சிறுமி தாயின் கைபேசியை எடுத்து, எவர் காதிலும் விழாமல் எங்கு நின்று பேசுவாள்?

ஆகவே சிறுபள்ளிக்குச் சொல்லப்பட்ட ‘வெளித்தொடர்பு’ ஏட்டோடு நில்லாதிருக்க வேண்டுமானால், சில பள்ளிகளை ஒரு தொகுதியாக்கி, ஆலோசகர் ஒருவர் குறித்த நாளில் தவறாது வருவதும், பேச்சடங்கிப்போன பிள்ளையை இனங்காண அங்குள்ள ஆசிரியருக்குப் பயிற்சி தருவதும் இன்றியமையாதவை. இரண்டே ஆசிரியர் ஐந்து வகுப்பையும் சுமக்கும் இடத்தில் இதுவும் கூடுதற் சுமையே. அதற்கான நேரத்தை அரசு ஒதுக்கித் தர வேண்டும்.

இத்தீர்ப்பு விடுதிகளையும் தங்கிப் பயிலும் கூடங்களையும் பெயர் சுட்டிக் கூறுகிறது. நம் அரபிக் கல்லூரிகளும் ஹிஃப்ழு மத்ரஸாக்களும் தம்மை அதற்குப் புறம்பாக எண்ண இயலாது என்றே கருதுகிறோம். தாயைப் பிரிந்து வந்து, மனனம் செய்த பாடம் இரவில் மறந்துபோக, காலையில் உஸ்தாத் முன் நிற்க நடுங்கும் சிறுவர் நம்மிடமும் உளர். இப்னு கல்தூனின் அப்பகுதியை நாம் மாணவருக்குப் பாடமாக நடத்துகிறோம். உஸ்தாத்மாருக்கு அதைப் பயிற்சியாக நடத்தும் கல்லூரிகள் எத்தனை?