பொய்யான படங்களும் உண்மையான கொமென்ட்களும்

தன்னைத்தானே படமெடுத்துக் காட்டுவது இன்ஸ்டகிராமோடு வந்த வியாதி எண்டு பெரியாக்கள் சொல்லுவினம். கலை வரலாற்றைப் பார்த்தால் கதை கொஞ்சம் நீளம்.

1962 ஓகஸ்டில் நடிகை மர்லின் மன்றோ இறந்தார். அதே ஆண்டு அமெரிக்க ஓவியர் அன்டி வோர்ஹோல், மர்லினின் பழைய விளம்பரப் படமொன்றை எடுத்து ஸ்கிரீன் பிரிண்டில் 50 தரம் பதித்தார். இடப்பக்கம் 25 முகங்கள் பளிச்சென்ற நிறங்களில். வலப்பக்கம் 25 முகங்கள் கறுப்பு வெள்ளையில், போகப்போக மங்கிவிடுகின்றன. படம் பெருகப் பெருக ஆள் காணாமல் போகிறார்.

1977 இல் நியூயோர்க்கில் சிண்டி ஷெர்மன் கமராவைத் தன் பக்கமே திருப்பினார். விக், மேக்கப், பழைய உடுப்புகள் எல்லாம் போட்டு, ஒருபோதும் எடுக்கப்படாத சினிமாக்களின் நடிகையாக 1980 வரை ஏறக்குறைய 70 படங்கள் எடுத்தார். எல்லாவற்றிலும் இருப்பது அவர்தான். ஆனால் எந்தப் படத்திலும் 'சிண்டி'யைக் கண்டுபிடிக்கேலாது. பெண் எண்டால் இப்படித்தான் நிக்கவேணும், இப்படித்தான் பார்க்கவேணும் எண்டு சினிமா பழக்கிவைத்ததை அந்தப் படங்கள் காட்டிக்கொடுத்தன. எண்டாலும் கலைக்கூடத்துக்கு வந்தவர்களுக்கு அது நடிப்பு என்று தெரியும்.

அந்த வசதியை 2014 இல் அமாலியா உல்மன் எடுத்துவிட்டார். ஆர்ஜென்டினாவில் பிறந்து ஸ்பெயினில் வளர்ந்த கலைஞர். ஏப்ரல் தொடங்கி ஐந்து மாதம் தன் இன்ஸ்டகிராமில் ஒரு இளம் பெண்ணின் வாழ்க்கையைப் போட்டார்: ஹோட்டல் அறை செல்பிகள், மார்பகச் சத்திரசிகிச்சை, மனமுடைவு, மன்னிப்பு, கடைசியில் யோகாவும் நல்ல சாப்பாடும். எல்லாம் முன்கூட்டியே எழுதிவைத்த கதை. சத்திரசிகிச்சை நடக்கவேயில்லை. முடியும்போது கிட்டத்தட்ட 90,000 பேர் அவரைப் பின்தொடர்ந்தார்கள்.

இதை நிறுத்தாவிட்டால் உன்னை ஒருவரும் மதிக்கமாட்டார்கள் என்று ஒரு கலைக்கூடமே எச்சரித்ததாக அவர் பிறகு சொன்னார். 2016 இல் அதே படங்கள் லண்டன் டேட் மொடர்ன் கண்காட்சியில் தொங்கின. படங்கள் மாறவில்லை. 'கலைஞர்' என்ற லேபலுக்குப் பிறகுதான் மரியாதை வந்தது.

இங்கேதான் எங்களுக்கும் ஒரு கேள்வி இருக்கு. உல்மனின் படங்கள் பொய், கீழே வந்த அனுதாபமும் ஏச்சும் உண்மை. நாங்கள் ஏற்கெனவே ஆயிரம் தரம் பார்த்த படங்களைப் போலவே இருந்ததால்தான் ஆக்கள் அவற்றை நம்பினார்கள். அந்த லேபல் கிடைக்காத ஒரு பிள்ளை அதே மாதிரிப் படம் போட்டால், அவளைப் பற்றி நாங்கள் என்ன கதைக்கிறம்?