கட்டற்ற நிரலும் கட்டணச் சந்தாவும்: ரெட் ஹேட் வழியே ஒரு வரலாறு

‘தகவல் தொழில்நுட்பத்தின் வளர்ச்சி’ என்று கட்டுரைத் தலைப்புக் கொடுத்தால், நம் மாணவர்கள் கைப்பேசி, முகநூல், இணைய விளையாட்டு என்று மூன்று பத்தி எழுதி முடித்துவிடுகிறார்கள். இவற்றுக்கெல்லாம் அடியில் ஓடுகிற மென்பொருளை எழுதியது யார், அதற்குச் சொந்தக்காரர் யார், அது பழுதானால் பொறுப்பு யாருடையது என்ற கேள்விகளை யாரும் தொடுவதில்லை. வங்கி, மருத்துவமனை, விமான நிலையம், பல்கலைக்கழகம் என எதை எடுத்துக்கொண்டாலும் உள்ளே பெரும்பாலும் லினக்ஸ் இருக்கும். 2017 நவம்பரிலிருந்து உலகின் முதல் 500 மீத்திறன் கணினிகளும் லினக்சில்தான் இயங்குகின்றன. ஆகவே இது வரலாற்றுப் பாடத்துக்கும் உரிய விஷயம்தான்.

முதலில் ஒரு சொல் விளக்கம். ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ’ என்ற ஒரே சொல் விலையில்லாததையும் குறிக்கும், விடுதலையுள்ளதையும் குறிக்கும். அதனால் அங்கே நாற்பது ஆண்டுகளாக விளக்கம் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். தமிழில் அந்தத் தொல்லை இல்லை. ‘இலவச மென்பொருள்’ வேறு, ‘கட்டற்ற மென்பொருள்’ வேறு. காசு கேட்காமல் கொடுத்துவிட்டு உள்ளே என்ன இருக்கிறது என்று காட்ட மறுத்தால் அது இலவசம் மட்டுமே. நிரலைப் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதை மற்றவருக்கும் கொடுக்கலாம் என்றால்தான் கட்டற்றது. காசு வாங்கிக்கொண்டும் கட்டற்ற மென்பொருளை விற்கலாம். இந்தக் கடைசி வாக்கியத்தை மாணவர்கள் அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள், கட்டுரை முழுக்க இதைச் சுற்றித்தான் போகிறது.

கதை யூனிக்சில் தொடங்குகிறது. 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் உருவாக்கிய இயங்குதளம் அது. ஆய்வகத்தின் உரிமையாளரான ஏ.டி. அண்ட் டி. தொலைபேசி நிறுவனம், 1956-ஆம் ஆண்டின் ஒரு நீதிமன்ற உடன்பாட்டின்படி கணினித் தொழிலில் இறங்க முடியாது. விற்க முடியாத பொருளாயிற்றே! பல்கலைக்கழகங்களுக்கு மூலநிரலோடு குறைந்த விலையில் கொடுத்தார்கள். ஒரு தலைமுறை மாணவர்கள் அதைப் பிரித்துப் பார்த்தே கணினி படித்தார்கள். 1984-இல் நிறுவனம் பிரிக்கப்பட்டதும் அந்தத் தடை நீங்கியது. விலை ஏறியது, கதவும் சாத்தப்பட்டது.

ஏறக்குறைய அதே காலத்தில் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் ஓர் அச்சுப்பொறியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். தாள் சிக்கினால் பயனருக்குத் தகவல் அனுப்பும்படி பழைய பொறியின் நிரலை அவர் முன்பே திருத்தியிருந்தார். செராக்ஸ் நிறுவனம் கொடுத்த புதிய பொறிக்கு மூலநிரல் வரவில்லை. அந்த நிரலை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழக ஆய்வாளரிடம் நேரில் போய்க் கேட்டார். யாருக்கும் காட்டமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று பதில் வந்தது. இந்தச் சம்பவத்தைக் கொஞ்சம் மிகைப்படுத்திச் சொல்பவர்களும் உண்டு. ஆனால், 1983 செப்டம்பரில் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்ததும், அடுத்த ஆண்டு தொடக்கத்திலேயே வேலையை விட்டதும் நடந்தவை. அவர் விட்டுச்சென்றவற்றுள் மிகப் பெரியது நிரல் அல்ல, உரிமம் என்பது என் கருத்து. ஜி.பி.எல். எனப்படும் அந்த உரிமத்தின் முதல் பதிப்பு 1989-இல் வந்தது. அதன் சூட்சுமம் என்னன்னா, நிரலைத் திருத்தி நீங்கள் பிறருக்கு வழங்கினால், உங்களுக்குக் கிடைத்த அதே உரிமைகளை அவர்களுக்கும் கொடுத்தே ஆகவேண்டும். வாங்கிய விதைநெல்லைப் பூட்டி வைக்க முடியாது.

1991-இல் குனுவிடம் பெரும்பாலான கருவிகள் இருந்தன. நடுவிலிருந்து இயக்கும் கருனி மட்டும் தயாராகவில்லை. அந்த ஆண்டு ஆகஸ்டில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், 21 வயது, தாம் ஒரு கருனி எழுதிவருவதாக இணையக் குழுவொன்றில் அறிவித்தார். அடுத்த ஆண்டு அதை ஜி.பி.எல். உரிமத்தின்கீழ்க் கொண்டுவந்தார். இரண்டும் சேர்ந்தன. ‘திறந்த மூலம்’ என்ற பெயர் பின்னால் வந்தது. 1998-இல் கிறிஸ்டின் பீட்டர்சன் முன்மொழிந்த சொல் அது. ‘ஃப்ரீ’ என்றாலே முதலாளிகள் முகம் சுளிக்கிறார்கள் என்பதால் வைத்த பெயர் என்றே சொல்லலாம்.

சரி, எல்லாரும் நகலெடுக்கலாம் என்றால் ஒரு நிறுவனம் எதை விற்பது?

இங்கேதான் ரெட் ஹேட் வருகிறது. மார்க் ஈவிங், பாப் யங் ஆகிய இருவரின் முயற்சிகள் 1995-இல் ஒன்றாயின. ஈவிங் பல்கலைக்கழகக் காலத்தில் தாத்தாவின் சிவப்புத் தொப்பியைப் போட்டுக்கொண்டு திரிந்ததால் வந்த பெயர். தொடக்கத்தில் பெட்டியில் வட்டு வைத்துக் கடையில் விற்றார்கள். 1999 ஆகஸ்டில் பங்குச் சந்தையில் 14 டாலருக்கு வெளியிட்ட பங்கு முதல் நாளே 50 டாலரைத் தாண்டியது. ஆனால், பெட்டி வியாபாரம் நிலைக்காது என்று அவர்களுக்கே தெரிந்திருந்தது. 2002-இல் பெருநிறுவனப் பதிப்பைக் கொண்டுவந்தார்கள். நிரலுக்கு விலை இல்லை, ஆண்டுச் சந்தாவுக்குத்தான் விலை. சந்தா கட்டியவருக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும், தொலைபேசியில் ஆள் கிடைப்பார், சோதித்துச் சான்றளித்த வன்பொருள் பட்டியல் கிடைக்கும். பின்னர் ஒரு பதிப்புக்குப் பத்தாண்டுவரை பராமரிப்பு என்ற உறுதியும் வந்தது.

நம் ஊர் வழக்கில் சொன்னால், சாம்பார் செய்முறை ஊருக்கே தெரியும். ஆனாலும் ஆயிரம் பேர் வரும் கல்யாணத்துக்குச் சமையல்காரரைத்தானே அமர்த்துகிறோம்? உப்புக் கூடினால் கேட்க ஓர் ஆள் வேண்டும். வங்கிகள் வாங்கியது அந்த ஆளைத்தான்.

செய்முறை ஊருக்குத் தெரியும் என்பதால் இன்னொன்றும் நடந்தது. ரெட் ஹேட் வெளியிட்ட மூலநிரலை எடுத்து, பெயரையும் சின்னத்தையும் மட்டும் நீக்கி, சென்ட்ஓஎஸ் என்ற பெயரில் தன்னார்வலர்கள் 2004 முதல் விலையின்றி வழங்கினார்கள். வணிகச் சின்னச் சிக்கல் வரக்கூடாது என்று தங்கள் பக்கங்களில் ரெட் ஹேட் என்று எழுதாமல் ‘வட அமெரிக்க லினக்ஸ் நிறுவனம்’ என்றே குறிப்பிடுவார்கள். கணவர் பெயரைச் சொல்லாத அந்தக் காலத்துப் பாட்டிமார்கள் நினைவுக்கு வரவில்லையா? பல்கலைக்கழகங்களும் சிறிய நிறுவனங்களும் சென்ட்ஓஎஸை நம்பி ஆயிரக்கணக்கில் வழங்கிகளை நிறுவின. 2014-இல் ரெட் ஹேட்டே அந்தத் திட்டத்தைத் தன் குடைக்குள் கொண்டுவந்தது.

2018 அக்டோபரில் ஐ.பி.எம். நிறுவனம் ரெட் ஹேட்டை 34 பில்லியன் டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. மறு ஆண்டு ஜூலையில் விற்பனை முடிந்தது. 2020 டிசம்பரில் வந்த செய்தி பலரைத் தூக்கிவாரிப் போட்டது. 2029 வரை பராமரிக்கப்படும் என்று எல்லாரும் எண்ணியிருந்த சென்ட்ஓஎஸ் 8, 2021 இறுதியோடு நிறுத்தப்படும் என்றார்கள். மாற்றாக ராக்கி லினக்ஸ், அல்மாலினக்ஸ் என்று இரண்டு திட்டங்கள் உடனே முளைத்தன. 2023 ஜூனில் பெருநிறுவனப் பதிப்பின் மூலநிரலைப் பொதுவெளியில் வைப்பதையும் ரெட் ஹேட் நிறுத்தியது. வாடிக்கையாளர்கள் பெறலாம், ஆனால் சந்தாவைப் பயன்படுத்தி மறுவெளியீடு செய்தால் ஒப்பந்தம் முறியும் என்ற நிலை. ஜி.பி.எல்.லின் எழுத்து மீறப்படவில்லை என்பது அவர்கள் வாதம். நகல் எடுப்பவர்கள் பராமரிப்புச் சுமையில் தோள் கொடுப்பதில்லை என்ற அவர்களது முறையீட்டிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும், பிறர் எழுதிக் கொடுத்த ஆயிரக்கணக்கான நிரல்களின்மேல் நின்றுகொண்டு பின்னால் வருபவருக்கு ஏணியைச் சற்று இழுத்துக்கொண்டதாகவே எனக்குப் படுகிறது. வகுப்பில் வாத எதிர்வாதத்துக்கு இது நல்ல தலைப்பு. மாணவர்கள் இரண்டு பக்கமும் பேசலாம், எந்தப் பக்கமும் வெறுங்கையோடு நிற்காது.

மேகக் கணிமைப் பகுதியைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 2006-இல் அமேசான் கணினித் திறனை மணிக்கணக்கில் வாடகைக்கு விடத் தொடங்கியது. அதே வசதியைத் தங்கள் சொந்த வழங்கிகளில் அமைக்க விரும்பியவர்களுக்காக, 2010-இல் நாசாவும் ரேக்ஸ்பேஸ் நிறுவனமும் ஓப்பன்ஸ்டேக்கைத் திறந்த மூலமாக வெளியிட்டன. 2014-இல் கூகள் குபர்நெட்டீசை வெளியிட்டது. ஆயிரக்கணக்கான சிறு நிரல் பெட்டகங்களை எந்தக் கணினியில் ஏற்றுவது, எதை இறக்குவது என்று தீர்மானிக்கும் மென்பொருள் இது. பெயர் கிரேக்கச் சொல், கப்பலைச் செலுத்துபவர் என்று பொருள். தமிழில் ‘மீகாமன்’ என்ற அழகான பழஞ்சொல் நம்மிடம் இருக்கிறது, கலைச்சொல் ஆக்குபவர்கள் கவனிக்கலாம். மலேசியாவிலும் இந்த அலை முன்பே வந்தது. பொதுத்துறைக்கான திறந்த மூல மென்பொருள் பெருந்திட்டத்தை அரசாங்கம் 2004-இல் வெளியிட்டது.

தமிழுக்கும் இதில் பங்கு உண்டு. லினக்சில் தமிழ் படித்தவர்கள் பலரும் பார்த்திருக்கக்கூடிய ‘லோகித்’ எழுத்துருக் குடும்பம் ரெட் ஹேட் வெளியிட்டது. ‘கொ’ என்று தட்டினால் கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் சரியாக வைக்கும் வேலையை ஆண்ட்ராய்டு, குரோம், ஃபயர்ஃபாக்ஸ் ஆகியவற்றில் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற திறந்த மூல நிரல். இந்தக் கட்டுரையைக் கைப்பேசியில் படிக்கிறீர்கள் என்றால் அது இப்போதும் உங்களுக்காக வேலை செய்துகொண்டிருக்கலாம்.

இனி பாதுகாப்பு. ‘பலர் பார்க்கும் நிரலில் பிழை தங்காது’ என்பது நெடுநாள் நம்பிக்கை. 2014 ஏப்ரலில் அது ஆட்டம் கண்டது. இணையப் போக்குவரத்தை மறைகுறியாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல்லில், ‘ஹார்ட்பிளீட்’ என்ற ஓட்டை இரண்டு ஆண்டுகளாக யார் கண்ணிலும் படாமல் இருந்தது. விசாரித்துப் பார்த்தால், உலகமே பயன்படுத்திய அந்தத் திட்டத்துக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 2,000 டாலர்தான் நன்கொடை வந்திருக்கிறது. முழுநேரமாக உழைத்தவர் ஒரே ஒருவர். எல்லாரும் பார்க்கலாம் என்பதற்கும் யாராவது பார்த்தார்கள் என்பதற்கும் எவ்வளவு தூரம் பாருங்க!

பத்தாண்டு கழித்து நடந்தது இன்னும் கொடுமை. எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளை ஒருவர் சம்பளமின்றிப் பராமரித்துவந்தார். சோர்ந்துபோயிருந்த அவருக்கு உதவுவதாக ‘ஜியா டான்’ என்ற பெயரில் ஒருவர் வந்து, இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகப் பொறுமையாக நல்ல வேலை செய்து, இணைப் பராமரிப்பாளர் ஆனார். 2024 தொடக்கத்தில் அந்தக் கை கள்ளக் கதவொன்றை உள்ளே வைத்தது. மார்ச் மாதம் ஆண்ட்ரெஸ் ஃபிராயின்ட் என்ற பொறியாளர், வேறு ஏதோ சோதனையில் இருந்தபோது, தொலை உள்நுழைவு வழக்கத்தைவிட அரை விநாடி தாமதமாவதைக் கவனித்தார். மற்றவர் விட்டுவிடுவார்கள், அவர் விடவில்லை. தோண்டிப் பார்த்துக் கதவைக் கண்டுபிடித்து மார்ச் 29-இல் உலகுக்கு அறிவித்தார். பெருநிறுவனங்கள் பயன்படுத்தும் நிலைப் பதிப்புகளுக்குள் அது போய்ச்சேரச் சில மாதங்களே இருந்திருக்கும். நிரல் திறந்திருந்ததால்தான் அவரால் தோண்ட முடிந்தது. நிரல் திறந்திருந்ததால்தான் அந்த அந்நியரும் உள்ளே வர முடிந்தது.

செயற்கை நுண்ணறிவில் இதே பழைய கேள்வி புது உடை உடுத்தி வந்திருக்கிறது. கூகளின் டென்சர்ஃபுளோ 2015-இல் திறக்கப்பட்டது. மெட்டா தொடங்கிய பைடார்ச் 2022-இல் லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் வந்தது. கருவிகள் வரைக்கும் சிக்கல் இல்லை. மாதிரிகளிடம் வரும்போதுதான் சொல் வழுக்குகிறது. 2023-இல் மெட்டா லாமா 2-ஐத் திறந்த மூலம் என்று விளம்பரப்படுத்தியது. ஆனால், மாதம் 700 மில்லியனுக்கு மேல் பயனர் உள்ள நிறுவனங்கள் தனி அனுமதி பெறவேண்டும் என்று உரிமத்தில் எழுதியிருந்தது. திறந்த மூல முனைப்பு அமைப்பு 2024 அக்டோபரில், எந்த மாதிரியைத் திறந்த மூலம் எனலாம் என்று வரையறுத்தது. பயிற்சிக்கு எடுத்த தரவைப் பற்றிப் போதிய விவரம் தந்தால் போதும், தரவு முழுவதையும் கொடுக்கவேண்டியதில்லை என்பது அதன் நிலைப்பாடு. தரவு இல்லாமல் மாதிரியை எப்படித் திருத்துவது என்று இயக்கத்தின் மூத்தவர்கள் சிலரே கேட்கிறார்கள். செராக்ஸ் பொறியின் முன்னால் ஸ்டால்மன் கேட்டதும் ஏறக்குறைய அதுதான்.