குழப்படிப் பிள்ளையும் குடாநாட்டு வரலாறும்

யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களிலே சில சொற்கள் தலைமுறை தலைமுறையாக வழங்கிவருகின்றன. அடங்காத பிள்ளை 'குழப்படி'. பாடம் ஏறாத பிள்ளை 'மொக்கு'. இரவிலே பாயை நனைக்கும் பிள்ளை 'பயந்துபோனது'. கடைசிப் பிள்ளைக்கு மட்டும் திருநீறு போட்டு நூல் கட்டும் பரிவு உண்டு. மற்றவர்க்குப் பிரம்பு. 'பயந்துபோனது' என்ற சொல்லிலேனும், பிள்ளைக்கு ஏதோ நேர்ந்திருக்கிறது என்ற உணர்வு உறைந்திருக்கிறது. ஏனைய இரண்டும் பிள்ளையின் குணத்தையே குற்றஞ் சாட்டுவன. குணத்தைக் குறை கூறுவதை விடுத்து, நேர்ந்தது என்னவென்று வினவும் பார்வை எவ்வாறு பிறந்தது என்பதை ஆசிரியராகிய நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

அப்பார்வையை உலகுக்கு வலிந்து கற்பித்தது போர். 1939 செப்டெம்பரில், குண்டுவீச்சுக்கு அஞ்சி, இலண்டன் முதலிய நகரங்களிலிருந்து இலட்சக்கணக்கான சிறுவர்கள் பெற்றோரைப் பிரிந்து நாட்டுப்புறங்களுக்கு அனுப்பப்பட்டனர். போர்க்காலத்தில் இலண்டன் ஹாம்ப்ஸ்ரெட்டில் சிறுவர் இல்லங்களை நடத்திய அன்னா பிராய்டும் டொரதி பேர்லிங்காமும் கண்ட உண்மை பலரை வியப்பில் ஆழ்த்தியது. தாயின் அணைப்பிலிருந்த பிள்ளையைக் குண்டுச் சத்தம் அவ்வளவாகச் சிதைக்கவில்லை. தாயைப் பிரிந்து பாதுகாப்பாய் இருந்த பிள்ளையே பெரிதும் சிதைந்தது. 1951இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக ஜோன் போல்பி எழுதிய அறிக்கையும் பிரிவின் பாதிப்பையே வற்புறுத்தியது.

குடாநாட்டிலோ குண்டும் பிரிவும் ஒருங்கே வந்தன. 1987இல் வடமராட்சி மீதான படையெடுப்பு; அவ்வாண்டு ஒக்டோபரில் இந்தியப் படையின் போர். 1995 யூலை 9இல் நவாலித் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்தோர் மீது குண்டு. செப்டெம்பர் 22இல் நாகர்கோவில் பள்ளிக்கூடத்தின் மீது குண்டு; மாண்டவர் மாணவர். ஒக்டோபர் 30 இரவு, வலிகாமமே எழுந்து தென்மராட்சி நோக்கி மழையில் நடந்தது. அடுத்த ஆண்டில் பலர் கைதாகிக் காணாமற் போயினர். தந்தை இறந்தாரா இருக்கிறாரா என்றறியாத வீட்டிலே பிள்ளை அழவும் இயலாது, காத்திருக்கவும் இயலாது. இயக்கங்களும் பள்ளிப் பருவத்தினரைப் படையிற் சேர்த்தன என்பதை நாம் மறைத்தலாகாது.

இக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் உளமருத்துவம் செய்தவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம். சிறுவர்கள் ஏன் ஆயுதம் ஏந்தினர் என்பதைச் சமூகச் சூழலோடு பொருத்தி 2002இல் பிரித்தானிய மருத்துவ இதழில் எழுதியவர் அவரே. 'மனவடு', 'நெருக்கீடு' என்னும் சொற்கள் இங்குள்ள உளமருத்துவ எழுத்துக்களில் நிலைபெற்றன. 'சாந்திகம்' போன்ற நிறுவனங்கள் உளவளத்துணையாளரைப் பயிற்றின. ஆசிரியர்களுக்கும் பயிற்சி கிடைத்தது. திடுக்கிட்டெழுதல், தாயை விட்டகலாமை, காரணமற்ற வயிற்றுவலி, கோபாவேசம், வாய் மூடிப்போதல், துவக்குச் சண்டை விளையாட்டையே ஓயாது விளையாடுதல் — இவை குழப்படியல்ல, சொல்லற்ற முறைப்பாடு என்று அப்பயிற்சி உணர்த்தியது. நூல் கட்டுவதையும் நேர்த்தி வைப்பதையும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிடாது, அவை தரும் ஆறுதலைச் சோமசுந்தரம் மதித்தார். பகுத்தறிவு பேசும் நம்மில் சிலருக்கு இது உவப்பாயிராது. எனினும் அவர் கூற்றில் நியாயமுண்டு.

ஆயின் மனவடுவும் வர்க்க வேறுபாடு அறியாததன்று. வசதி படைத்தோர் கொழும்புக்கும் கனடாவுக்கும் சென்றனர். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட கடற்றொழிலாளரும் கூலி விவசாயிகளும் கோணாப்புலம் முதலிய முகாம்களில் கால் நூற்றாண்டுக்கு மேல் கிடந்தனர். முகாமிலே பிறந்து, முகாமிலே வளர்ந்து, முகாமிலேயே பிள்ளை பெற்றவர்கள் உளர். தகரக் கொட்டிலின் ஒற்றை அறையில் தந்தையின் குடியும் தாயின் அழுகையும் பிள்ளையின் வீட்டுப்பாடமும் ஒன்றாய் நடந்தன. அங்கிருந்து வந்த பிள்ளையைத்தான் 'மொக்கு' என்று பின்வாங்கில் இருத்தினோம்.

இனி நமக்குக் கசப்பான பகுதி. வடகிழக்கின் தமிழ்ப் பள்ளி மாணவர் 296 பேரிடம் நடத்தி 2008இல் வெளியான ஓர் ஆய்விலே, போர் நிகழ்வொன்றையேனும் அனுபவித்தவர் நூற்றுக்கு 82 பேர். வீட்டு வன்முறையை ஒரு வகையிலேனும் அனுபவித்தவரோ நூற்றுக்கு 95 பேர். மனவடு நோய்க்குறி கண்டவர் நூற்றுக்கு 30 பேர். போர், கடற்கோள், வீட்டு வன்முறை ஆகிய மூன்றுமே அந்நோயோடு தொடர்புற்றிருந்தன. எல்லாவற்றையும் போரின் தலையிற் சுமத்திக் கைகழுவும் வழக்கம் நம்மிடையே வளர்ந்துவிட்டது. போர் 2009இல் ஓய்ந்தது, அடி ஓயவில்லை. போரில் நொறுங்கிய தகப்பன் கைநீட்டுகிறான் என்று காரணங் காட்டலாம். நல்ல சம்பளமும் பட்டமும் பெற்ற ஆசிரியன் கைநீட்டுவதற்கு என்ன காரணம் காட்டுவது?

பள்ளியில் உடற்றண்டனையைத் தடுத்து 2005இல் கல்வி அமைச்சு சுற்றறிக்கை விடுத்தது. 1995இன் மழையிரவில் சைக்கிள் பாரிலும் தாயின் இடுப்பிலும் சுமக்கப்பட்ட பிள்ளைகளில் ஒரு பகுதியினர் இன்று ஆசிரியராய் வகுப்பில் நிற்கின்றோம். நம்மிற் பலரின் மேசை லாச்சியில் அச்சுற்றறிக்கை இல்லை. அடிமட்டத்தோடு பிரம்பு கிடக்கிறது.